இதயம் திரும்பியது, நினைவு திரும்புமா? ஈ.ஈ.ஜி. பற்றிய வாசகர் கேள்விகள்

இதயம் நின்று மீட்கப்பட்டவர்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை அலைப் பதிவைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

என் மாமாவுக்கு 61 வயது. வீட்டில் விழுந்து இதயம் நின்று, அம்புலன்சில் வைத்து மீண்டது. இன்று ஐந்தாம் நாள், இன்னும் கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் எடுத்த ஈ.ஈ.ஜி.யில் அலை மிகக் குறைவு என்றார்கள். நேற்று எடுத்ததில் அலை வந்திருக்கிறது என்கிறார்கள். எழும்பிவிடுவாரா?
– வாசகி, கொக்குவில்

அலை வந்தது நல்லதுதான். ஆனால் நாலாம் நாள் வரும் அலைக்கும் முதல் நாளே வந்துவிடும் அலைக்கும் பெறுமதி ஒன்றல்ல. டொக்டர்மார் தயங்கிப் பதில் சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான்.

மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் உடல் எடுக்கும் ஒட்சிசனில் 20 சதவீதம் அதற்கே போகிறது, அதிலும் கையிருப்பு என்று எதுவும் இல்லை. இரத்த ஓட்டம் நின்று 10 வினாடி அளவில் நினைவு தப்பும். அரை நிமிடத்துக்குள் ஈ.ஈ.ஜி. தட்டையாகிவிடும். அந்த நேரத்தில் நரம்புக்கலங்கள் செத்துப்போகவில்லை, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதைத்தான் நிறுத்தியிருக்கின்றன. இரத்த ஓட்டம் திரும்பிய பிறகும் அலை உடனே வராது. முதலில் தட்டைக் கோடு. பிறகு சிறிது நேரம் குமுறி, சிறிது நேரம் அடங்கி, மீண்டும் குமுறும் ஒரு கோலம். அதன் பிறகு இடைக்கிடை விடுபட்டு வரும் அலை. கடைசியாக விடுபடாத, தொடர்ச்சியான அலை. இந்தப் பாதையை மூளை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

இதயம் மீண்டு 12 மணித்தியாலத்துக்குள், 20 மைக்ரோவோல்ற்றுக்கு மேற்பட்ட உயரத்தில், தொடர்ச்சியான அலை வந்துவிட்டால் அது நம்பிக்கை தரும் அடையாளம். 24 மணித்தியாலம் கடந்தும் தட்டையாகவோ குமுறி அடங்கும் கோலத்திலோ நின்றால் அது கெட்ட அடையாளம். நாட்கள் போகப் போக, பலமாகப் பாதிக்கப்பட்ட மூளைகளிலும் ஏதோ ஒரு அலை வரத்தான் செய்யும். அதனால் நாலாம் நாள் பதிவைப் பார்த்து, தேறுபவர்கள், தேறாதவர்கள் என்ற இரண்டு கூட்டத்தையும் பிரிப்பது கடினம்.

உங்கள் மாமாவின் விடயத்தில் இரண்டாம் நாள் பதிவே முக்கியம். அது எத்தனையாவது மணித்தியாலத்தில் எடுக்கப்பட்டது, அப்போது என்ன மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். புரொப்போபோல் கூடிய அளவில் ஓடினால், ஆரோக்கியமான மூளையிலும் குமுறி அடங்கும் கோலத்தை உண்டாக்கும். மிடசோலம் ஓடியிருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஒரு மருந்தின் அரைவாழ்வுக் காலம் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) ஐந்து தடவை கழிந்தால் உடலில் ஏறத்தாழ 3 சதவீதம் எஞ்சியிருக்கும், அதற்குப் பிறகுதான் மருந்தின் பாதிப்பு போய்விட்டது என்று கொள்ளலாம். அரைவாழ்வு 4 மணித்தியாலம் என்றால் 20 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். இதயம் நின்றவருக்குச் சிறுநீரகமும் ஈரலும் அடிபட்டிருப்பது வழமை, வயதும் 61. அதே அரைவாழ்வு 12 மணித்தியாலமாக நீண்டால் பொறுக்க வேண்டிய நேரம் 60 மணித்தியாலம். உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுத்திருந்தால் அதற்கும் மேல் போகலாம்.

நேற்றைய பதிவைப் பற்றிக் கேட்க ஒன்று உண்டு: கூப்பிட்டபோது, கிள்ளியபோது அலை மாறியதா? மாறும் அலை மாறாத அலையை விட மேல். அலை தெரிகிறது என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்கவோ, கைவிரிக்கவோ வேண்டாம்.

லண்டனில் இருக்கும் அண்ணா வேலை இடத்தில் விழுந்து இதயம் நின்று மீண்டவர். அங்கே ஈ.ஈ.ஜி. 'ஹைலி மலிக்னன்ற்' என்று அண்ணிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சோதனையை வைத்து முடிவு எடுக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

எடுக்கக்கூடாது, எடுக்கவும் மாட்டார்கள். ('மிகவும் கெட்ட கோலம்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.)

அந்தப் பெயருக்குள் மூன்று கோலங்கள் அடங்கும். பதிவு முழுவதும் 10 மைக்ரோவோல்ற்றுக்குக் கீழே அடங்கிக் கிடப்பது ஒன்று. அப்படி அடங்கிய தளத்தின் மேல் ஒரே மாதிரியான கூர்முனைகள் ஒழுங்கான இடைவெளியில் இடைவிடாமல் வந்துகொண்டிருப்பது இரண்டாவது. மூன்றாவது, குமுறி அடங்குவது: பதிவின் நேரத்தில் பாதி, அல்லது அதற்கும் மேல், அடங்கிய நிலையிலேயே கழிவது. குமுறல்கள் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல ஒரே வடிவில் இருந்தால் இன்னும் மோசம், அது மயக்க மருந்தால் வரும் சாயல் அல்ல.

ஐரோப்பிய மீட்புச் சபையும் ஐரோப்பிய தீவிர சிகிச்சைச் சங்கமும் சேர்ந்து வெளியிடும் வழிகாட்டலைத்தான் அங்கே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதன் 2021 பதிப்பின்படி இதயம் மீண்டு 72 மணித்தியாலம் கழியும் வரை முடிவு பேசுவதில்லை. அப்போதும் நோயாளி நினைவில்லாமல், நோவு கொடுத்தால் கையை விலக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். கையை விலக்கிக்கொள்கிறார் என்றால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. மயக்க மருந்தின் பாதிப்பு இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். இதற்குப் பிறகுதான் அடையாளங்களைக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காமலும், விழிவெண்படலத்தைத் தொட்டால் இமை மூடாமலும் இருப்பது ஓர் அடையாளம். மணிக்கட்டு நரம்பைச் சிறு மின்னால் தூண்டினால் 20 மில்லிசெக்கனில் மூளையின் மேற்பட்டையில் ஒரு சமிக்ஞை வரவேண்டும், அது இரு பக்கமும் வராதிருப்பது இன்னொன்று. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த ஈ.ஈ.ஜி.யில் மேலே சொன்ன கோலங்கள். நரம்புக்கலங்கள் உடையும்போது இரத்தத்தில் கலக்கும் என்.எஸ்.ஈ. என்ற நொதியம் 48ஆம் அல்லது 72ஆம் மணித்தியாலத்தில் லீற்றருக்கு 60 மைக்கிரோகிராமைத் தாண்டுவது. முதல் 72 மணித்தியாலத்துக்குள் உடல் முழுவதும் அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் துடிப்பது. சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கானில் பரவலான பாதிப்பு. இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் மீட்சிக்கு வாய்ப்புக் குறைவு என்கிறார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றாலோ, ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது என்றாலோ, காத்திருந்து திரும்பப் பார்ப்பார்கள்.

ஏன் இரண்டு? ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பொய் உண்டு. என்.எஸ்.ஈ. செங்குருதிக்கலங்களிலும் இருப்பதால், இரத்தம் எடுத்த விதத்தில் கலங்கள் உடைந்திருந்தாலே எண் ஏறிவிடும். கண்மணியை மருந்து மாற்றும். ஈ.ஈ.ஜி.யை மயக்க மருந்து கெடுக்கும். மணிக்கட்டு நரம்புச் சோதனை மயக்க மருந்துக்கு அவ்வளவாக அசையாது, ஆனால் கழுத்து முள்ளந்தண்டில் காயம் இருந்தால் அதுவும் பொய் சொல்லும். ஒரே மருந்து இரண்டு சோதனைகளையும் சேர்த்துக் கெடுத்திருந்தால் இரண்டு என்ற கணக்கு உண்மையில் ஒன்றுதான். அதனால் வேறு வேறு வழியில் வந்த இரண்டு அடையாளங்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கெட்ட அடையாளம் என்று நம்பிச் சிகிச்சையை முதலிலேயே குறைத்தால் நோயாளி இறப்பார், சோதனை சரியாகச் சொன்னது என்ற பெயரும் வந்துவிடும். பழைய ஆய்வுகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. 72 மணித்தியாலம் பொறுக்கச் சொல்வதில் இதற்கும் பங்குண்டு. அண்ணிக்கு இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் இங்கிருந்து போனில் முடிவு எடுக்க வேண்டாம், படுக்கையருகே நிற்பவர்களுக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாது.

ஐ.சி.யூ.வில் ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது பதிவு அடிக்கடி குழம்புகிறது. நினைவில்லாத நோயாளியில் சரியாக எடுக்கும் முறையை விளக்குவீர்களா?
– மருத்துவபீட மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிழையான பதிவைப் பிழையில்லாமல் வாசிப்பதால் ஒரு பயனும் இல்லை.

அளவில் இருந்து தொடங்குங்கள். மூக்கடியில் இருந்து பிடரி எலும்பு மேடு வரை தலைமேலாக நாடா வைத்து அளந்தால் 36 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூக்கடியில் இருந்து 10 சதவீதம், அதாவது 3.6 சென்ரிமீற்றரில் முதல் குறி. அங்கிருந்து 20 சதவீதம், 7.2 சென்ரிமீற்றருக்கு ஒரு குறி. உச்சந்தலைக் குறி நடுவில், 18இல் விழவேண்டும். காதிலிருந்து காதுவரை குறுக்காகவும் அப்படியே. கண்மதிப்பில் ஒட்டினால் இரு பக்க இடைவெளி மாறி, ஒரு பக்கம் அலை குறைவு என்று இல்லாத ஒன்றைக் காட்டும்.

எங்கள் ஊரில் முதல் எதிரி எண்ணெய். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊறிய தலையில் பசை பிடிக்காது, மின்தடை ஏறும். ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிட்டு, உராய்வுப் பசையால் மெல்லத் தேய்த்து, பிறகே மின்வாயை (அலையைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் சிறு தகட்டை) வையுங்கள். நெற்றியில் இரண்டு மின்வாய்கள் வருகின்றன, கோயிலில் இருந்து கொண்டுவந்த திருநீறும் சந்தனமும் அந்த இடத்திலேயே காய்ந்திருக்கும். உறவினரைக் கோபிக்காமல், கையிலோ நெஞ்சிலோ பூசச் சொல்லலாம்.

ஒவ்வொரு மின்வாயின் தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கட்டும். அதைவிட முக்கியம், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது. ஒன்று 2, பக்கத்தில் ஒன்று 15 என்றால் 50 ஹேர்ட்ஸ் மின் இரைச்சல் அந்த வழியால் நுழையும். வடிகட்டியைப் போட்டு அதை மறைப்பது சோம்பேறித்தனம். மின்வாயைத் திருத்துங்கள். வயர்களைச் சேர்த்துக் கட்டி, மருந்தேற்றும் பம்புகளின் மின்வயரில் இருந்து தள்ளி வையுங்கள். கட்டில் மின்சாரத்தில் இயங்குவதாக இருந்தால், செவிலித் தாதியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பசையை அள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்து மின்வாய்களின் பசை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் இரண்டும் ஒரே இடத்தைப் பார்ப்பதுபோல் ஆகி, அந்தக் கோடு தட்டையாகிவிடும். வியர்வையும் இதையே செய்யும். அத்துடன் 1 ஹேர்ட்ஸுக்கும் குறைவான மெல்லிய ஊசலாட்டத்தைக் கொடுக்கும். பங்குனி சித்திரை வெக்கையில் ஏ.சி. நின்ற வாட்டில் எடுத்த பதிவில் தட்டைக் கோட்டைக் கண்டால் முதலில் தலையைத் தொட்டுப் பாருங்கள்.

ஈ.சி.ஜி.க்கு ஒரு வழியை எப்போதும் ஒதுக்குங்கள். அலை அடங்கிய மூளையில் இதயத்தின் மின் துடிப்பு பெரிதாகத் தெரியும், அனுபவம் குறைந்தவர் அதைக் கூர்முனை என்று எழுதிவிடுவார். சுவாசக் கருவிக் குழாயில் தேங்கிய நீர் ஆடினாலும் ஒழுங்கான அலை வரும், கருவியின் சுவாச எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பிடிபடும். நடுக்கத்தால் தசைச் சமிக்ஞை எல்லாவற்றையும் மூடினால், குறுகிய நேரம் வேலை செய்யும் தசைத்தளர்ச்சி மருந்தை மயக்கவியல் டொக்டர் கொடுக்கலாம். அப்போது கீழே இருப்பது தெரியவரும். வழமையான உணர்திறன் மில்லிமீற்றருக்கு 7 மைக்ரோவோல்ற். அடங்கிய பதிவென்றால் 2க்கு இறக்கிப் பாருங்கள். 7இல் தட்டையாகத் தெரிந்த கோடு 2இல் மெல்லிய தொடர் அலையாக இருக்கக்கூடும்.

தூண்டல் சோதனையைத்தான் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு நிமிடமாவது ஒருவரும் தொடாமல் அமைதியாகப் பதியுங்கள். பிறகு கைதட்டல், பேர் சொல்லிக் கூப்பிடுதல், நகக்கண்ணில் ஐந்து வினாடியாவது அழுத்தல். ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி விட்டு, நேரத்தைப் பதிவிலேயே குறித்து, குறைந்தது இரண்டு தடவை. கூப்பிடும்போது வீட்டில் அழைக்கும் பேரை வீட்டார் ஒருவரையே கூப்பிடச் சொல்லலாம். அலையின் உயரமோ மீடிறனோ (வினாடிக்கு எத்தனை அலை என்பது) மாறினால்தான் எதிர்வினை. முகத் தசை துடித்ததால் வரும் தடித்த கறுப்புப் பட்டை எதிர்வினை அல்ல. தூண்டியவுடன் கூர்முனைகள் தொடராகக் கிளம்பினால் அதையும் நல்ல எதிர்வினையில் சேர்க்கக்கூடாது, தனியாக எழுத வேண்டும்.

பதிவின் தலைப்பில் நான்கு விடயம் இல்லாமல் அனுப்பாதீர்கள்: இதயம் மீண்டு எத்தனையாவது மணித்தியாலம், உடல் வெப்பநிலை, ஓடும் மயக்க மருந்தின் பெயரும் வேகமும், இரத்த அழுத்தம். இவை இல்லாத பதிவை வாசிப்பவர் ஊகித்துத்தான் எழுதுவார்.

அம்மாவுக்கு இதயம் மீண்ட மறுநாளில் இருந்து கையும் முகமும் வெட்டி வெட்டித் துடிக்கிறது. வலிப்பா? மருந்து கொடுத்து நிறுத்தினால் நினைவு வருமா?
– வாசகர், சாவகச்சேரி

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் துடிப்புகள் ஈ.ஈ.ஜி.யில் வேறு வேறாகத் தெரியும். அடங்கிய தளத்தின் மேல் கூர்முனைகளோடு உடல் முழுதும் விடாமல் துடித்தால் அது பலத்த பாதிப்பின் அடையாளம். தொடர்ச்சியான அலை பின்னணியில் இருந்து, உச்சந்தலைப் பகுதியில் கூர்முனை துடிப்போடு சேர்ந்து வந்தால் கதை வேறு. அப்படிப்பட்டவர்களில் சிலர் நினைவு திரும்பி எழும்புகிறார்கள். எழும்பிய பிறகும் கோப்பையைத் தூக்கப் போனால் கை வெட்டும். லான்ஸ், அடம்ஸ் என்ற இருவர் 1963இல் விவரித்ததால் அவர்கள் பெயரில் அழைக்கப்படும் நிலை இது. குளோனசெபாம், வல்புரோவேற், லெவெற்றிரசெற்றம் போன்ற மருந்துகளால் பலருக்குக் குறையும். ஆகவே துடிப்பைக் கண்டவுடன் கைவிடக்கூடாது. மயக்க மருந்தைக் கூட்டித் துடிப்பை மறைத்துவிட்டு மூளை அமைதியாகிவிட்டது என்று எண்ணுவதும் கூடாது.

மருந்தால் நினைவு வருமா என்பதற்கு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. 2022இல் வெளிவந்தது, 172 நோயாளிகள். ஈ.ஈ.ஜி.யில் தாளமான, ஒழுங்கான கூர்முனைக் கோலங்களைத் தீவிரமாக மருந்து கொடுத்து அடக்கியவர்களில் 90 சதவீதம் பேருக்கும், அப்படி அடக்காதவர்களில் 92 சதவீதம் பேருக்கும் மூன்று மாதத்தில் முடிவு மோசமாகவே இருந்தது. கோலத்தை அழித்ததால் மூளை தேறவில்லை. ஆனால் அந்த ஆய்வில் உண்மையான வலிப்புத் தொடர்கள் மிகச் சிலரிடமே இருந்தன. மீடிறன் மாறி, இடம் மாறி வளரும் தெளிவான வலிப்பு என்றால் அதற்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் அம்மாவின் பதிவில் எது என்பதை வாசித்த நரம்பியல் டொக்டரிடம் நேரே கேளுங்கள்.

ஈ.ஈ.ஜி. தட்டை என்றால் மூளைச் சாவுதானே?
– வாசகர், மானிப்பாய்

இல்லை. தலையோட்டுக்கு வெளியே ஒட்டிய மின்வாய் மேற்பட்டையைத்தான் கேட்கிறது, மூளைத்தண்டைக் கேட்பதில்லை. மூளைச் சாவைத் தீர்மானிப்பது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்கள் ஒவ்வொன்றையும் பார்த்து, சுவாசக் கருவியைக் கழற்றி மூச்சு எடுக்கிறாரா என்றும் பார்க்கும் தனிப் பரிசோதனை.

கண் திறந்து பார்க்கிறார், ஆனால் எங்களைத் தெரியவில்லை. டொக்டர் ஈ.ஈ.ஜி. சரியில்லை என்கிறார். கண் திறந்தவருக்கு எப்படிச் சரியில்லாமல் போகும்?
– வாசகி, கோப்பாய்

ஒட்சிசன் இல்லாமையை மூளையின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் தாங்குவதில்லை. ஞாபகத்துக்கான கிப்போகம்பசும், சிந்தனைக்கான மேற்பட்டையும், சிறுமூளையின் பெரிய கலங்களும் முதலில் சாகின்றன. மூளைத்தண்டு நெடுநேரம் தாங்கும். கண் திறப்பதும், தானாக மூச்சு எடுப்பதும், இரவில் உறங்கி விடியப் பார்ப்பதும் மூளைத்தண்டின் வேலை. முகத்தைத் தொடர்ந்து பார்க்கிறாரா, 'கையைப் பிடியுங்கோ' என்றால் பிடித்து 'விடுங்கோ' என்றால் விடுகிறாரா என்பதைப் பாருங்கள். பிடிப்பது மட்டும் அனிச்சையாகவும் நடக்கும். சொன்னதும் விடுவதுதான் கணக்கு.

சத்திரசிகிச்சையில் நெற்றியில் ஒட்டி 0 முதல் 100 வரை எண் காட்டும் கருவி போதாதா? முழு ஈ.ஈ.ஜி.க்கு ஏன் அலைகிறார்கள்?
– தாதிய உத்தியோகத்தர், வவுனியா

அந்த எண் மயக்கத்தின் ஆழத்துக்காகக் கணிக்கப்பட்டது, அடிபட்ட மூளைக்காக அல்ல. நெற்றித் தசை துடித்தாலே எண் ஏறிவிடும். மூல அலையையும் அந்தத் திரையில் காட்டலாம் என்றால், இரவில் முழு வசதி கிடைக்கும் வரை தட்டையா தொடர்ச்சியா என்று ஒரு பார்வை பார்க்க உதவும். எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

முதல் நாள் ஈ.ஈ.ஜி. நன்றாக வருவதற்கு வீட்டில் என்ன செய்ய முடியும்?
– வாசகர், காரைநகர்

விழுந்தவர் அசையாமல், ஒழுங்காக மூச்சு எடுக்காமல் கிடந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு ஒருவர் போன் எடுக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் எழும்ப விடுங்கள். விட்டு விட்டு இழுக்கும் குறட்டை மூச்சை உயிர் மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. தண்ணீர் பருக்குவதும் முகத்தில் தெளிப்பதும் நேரத்தைத் தின்னும்.

கணவர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஈ.ஈ.ஜி. நோர்மல் என்று எழுதியிருக்கிறது. ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் ஞாபகம் இல்லை, சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுகிறார். திரும்ப ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டுமா?
– வாசகி, நல்லூர்

எடுப்பதில் பெரிதாகப் பயன் இல்லை. ஈ.ஈ.ஜி. நோர்மல் என்பது மேற்பட்டை ஒழுங்காக இயங்குகிறது என்றுதான் சொல்கிறது. ஞாபகத்தைப் பதியும் கிப்போகம்பஸ் உள்ளே ஆழத்தில் இருக்கிறது, அங்கே சில கலங்கள் போயிருந்தால் வெளியே தெரியாது. தேவைப்படுவது ஞாபகம், கவனம், திட்டமிடல் ஆகியவற்றைக் கேள்விகளால் அளக்கும் சோதனை. கிளினிக் திகதியில் அதைக் கேட்டு வாங்குங்கள். மனச்சோர்வும் இதே சாயலில் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருந்த பழைய நித்திரைக் குளிசையைக் கொடுக்க வேண்டாம், ஞாபகத்தை அது இன்னும் மந்தமாக்கும். மருந்து எடுக்கும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிள் ஓடுவதை டொக்டர் சரி என்று சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் கூட. அதன் பிறகும் ஒரு வருடம் வரை மெல்ல மெல்லத் தேறுபவர்கள் உண்டு.